மட்டக்களப்பு வெக்கையில் முருகை வளர்க்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் 200 லீற்றர் கடல்தண்ணீர்த் தொட்டி ஒன்று ஏழு வருசமாக ஓடுகிறது. வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள், அப்புறம் போனில் கேட்கிறவர்கள், எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே விசயங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முருகை என்று நான் சொல்வது உயிருள்ள பவளத்தை. நகைக்கடைப் பவளம் வேறு.

முருகை செடியா, கல்லா, பிராணியா?

பிராணி. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான சின்ன உடல்கள் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயும் அதைச் சுற்றி விரல் மாதிரி மெல்லிய கொடுக்குகளும் உண்டு. அடியில் இருக்கும் கல், அந்த உடல்கள் கட்டிய சுண்ணாம்பு எலும்பு. தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அது வெளிச்சத்தில் சாப்பாடு தயாரித்து முருகைக்கும் கொடுக்கிறது. பிராணி, பாசி, கல் மூன்றையும் சேர்த்துத்தான் நீங்கள் வளர்க்கிறீர்கள், ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் தாங்காது.

எங்கள் ஊர் வெக்கையில் இது சரிவருமா?

சரிவரும், ஆனால் வேலை அங்கேதான் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் 25 இலிருந்து 27 பாகைக்குள் இருந்தால் நிம்மதி. 28 என்றால் கவனிக்க வேண்டும். 30 தாண்டி நாள்கணக்கில் நின்றால் முதலில் கொடுக்குகள் சுருங்கும், பிறகு நிறம் போகும். நம்முடைய வீட்டில் ஓட்டுக்கூரைக்குக் கீழே, பிற்பகல் மூன்று மணிக்கு, லைட்டும் பம்பும் கொடுக்கிற சூட்டோடு சேர்த்து எந்த ஏற்பாடும் செய்யாவிட்டால் தண்ணீர் 32 வரை போய்விடும், நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் முதலில் வாங்குவது தண்ணீர் மேல் ஊதுகிற சின்ன ஃபேன். நல்லதுதான், காற்று பட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும், இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் காற்று காய்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஹோலே அடுப்பு மாதிரி இருந்தாலும் காற்று உலர்ந்து கிடப்பதால் ஃபேன் நன்றாகக் குளிர்த்தும். மாரியில் வாடைக்காற்று வீசும்போது ஃபேனே தேவையில்லை. சிக்கல் சித்திரை மாதம்தான்: காற்று அசையாது, புழுக்கம், உடம்பில் வேர்வை காயாது. நம் வேர்வை காயாத நாளில் தொட்டித் தண்ணீரும் ஆவியாகாது. அந்த நாட்களில் ஃபேன் ஒரு பாகை குறைத்தாலே பெரிய விசயம், அப்போதுதான் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் மெஷின்) அல்லது ஏசி அறை என்ற பேச்சு வரும்.

அதற்கு முன்னால் செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கள். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். கண்ணாடி மூடியைக் கழற்றி, மீன் பாயாமல் இருக்க வலை போடுங்கள். லைட்டை மாலையில் தொடங்கி நடுச்சாமம் தாண்டும் வரை எரியவிடுங்கள், முருகைக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம் வெளிச்சம் கிடைத்தால் போதும். இந்த ஒன்றிலேயே எங்கள் தொட்டி ஒன்றரைப் பாகை குறைந்தது.

நம் கடலே 29 பாகை இருக்குமே, அங்கே முருகை வாழ்கிறதே?

நல்ல கேள்வி. கடல் 29 என்றால் காலையும் 29, இரவும் ஏறக்குறைய 29. தொட்டியோ காலையில் 27, பிற்பகல் 31, விடிய மறுபடி 27. இந்த ஏற்ற இறக்கத்தை முருகை தாங்காது. அதோடு சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, அலை இல்லாத பெட்டியில் அது இன்னும் குறையும். கடலில் இருக்கிற முருகைக்கும் எல்லை உண்டு, வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை கூடி சில வாரம் நின்றாலே வெளிறத் தொடங்கிவிடும். 1998 இல் இந்து சமுத்திரம் சூடானபோது இலங்கையைச் சுற்றிப் பல இடங்களில் அதுதான் நடந்தது.

ஐஸ் போத்தல் போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம். ஒன்றரை லீற்றர் ஐஸ் போத்தல் முழுக்க உருகினால் 200 லீற்றர் தண்ணீரை முக்கால் பாகை போலத்தான் குறைக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதுவும் பம்ப் தண்ணீர் ஓடுகிற இடத்தில் போடுங்கள். பயத்தில் நாலு போத்தலைச் சேர்த்துப் போட்டு மூன்று பாகையை அரை மணித்தியாலத்தில் இறக்கினால் சூட்டை விட அந்தக் குளிர்தான் பாதகம் செய்யும்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நான் விலை கொடுத்துத்தான் பதில் படித்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த வாரம் என்னிடம் பதினாலு தலை உள்ள சுத்தியல் முருகை ஒன்று இருந்தது. கொடுக்கின் நுனி சுத்தியல் மாதிரி இருக்கும், இளம்பச்சை, பம்ப் ஓடும்போது வயலில் நெல் அசைகிற மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாயும். கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த யுபிஎஸ்ஸை நம்பி இருந்தேன், அது முக்கால் மணித்தியாலத்தில் அடங்கிவிட்டது. அன்றிரவு ஆள் களைப்பில் தூங்கிவிட்டேன். விடிய டோர்ச் அடித்துப் பார்த்தால் நாலு தலையில் தசை கழன்று மண்ணிறக் கூழ் மாதிரி தொங்குகிறது, தொட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனாலே செத்த நண்டு நாற்றம். பின்னேரத்துக்குள் அந்தக் கூழ் பக்கத்துத் தலைகளுக்கும் பரவிவிட்டது. கடைசியில் குறட்டால் இரண்டு நல்ல கிளைகளை மட்டும் முறித்து, அயடின் கலந்த தண்ணீரில் கழுவி, வேறு வாளியில் வைத்துக் காப்பாற்றினேன். இன்றைக்கு இருப்பது அந்த இரண்டிலிருந்து வந்தது.

கரண்ட் இல்லாத நேரத்தில் முதலில் தீர்வது ஒட்சிசன். சூடும் அழுக்கும் பிறகு. அதனால் பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும், கரண்ட் போனவுடன் தானாக ஓடத் தொடங்குகிற வகை இன்னும் நல்லது, ஆள் தூங்கினாலும் அது தூங்காது. வசதி இருந்தால் 12 வோல்ட் பம்ப் ஒன்றை வாகனப் பற்றரியில் போடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஜக்கால் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பதினைந்து நிமிசத்துக்கு ஒரு தடவை ஐந்தாறு ஜக். சாப்பாடு போடாதீர்கள். லைட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முருகை இரண்டு மூன்று நாள் இருட்டைத் தாங்கும்.

எந்தத் தண்ணீர் பாவிக்கலாம்? கிணறா, பைப்பா?

இரண்டும் நேராகச் சரிவராது. கரையோரத்து மணல்கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, பக்கத்தில் தோட்டம் அல்லது மலசலகூடக் குழி இருந்தால் நைத்திரேற்றும் சேரும். உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிற பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும் என்று சொல்வார்கள், போகலாம், ஆனால் பொஸ்பேற்று போகாது, பழைய செப்புக் குழாயிலிருந்து வந்த செப்பும் போகாது. செப்பு கொஞ்சம் இருந்தாலே முருகைக்கும் இறாலுக்கும் நஞ்சு.

ஆர்ஓ வடிகட்டிய தண்ணீரில் கடல் உப்புக் கலந்து செய்வதுதான் வழி. கடையில் கானில் விற்கிற ஆர்ஓ தண்ணீரை வாங்கினால் டிடிஎஸ் மீற்றரால் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) ஒவ்வொரு கானையும் அளந்து பாருங்கள், பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் முருகைக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம், ருசிக்காகக் கனியுப்பைத் திரும்பச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கல்லடிக் கடல் பக்கத்தில் இருக்கும்போது எதற்கு உப்பு வாங்க வேண்டும்?

நானும் முதல் வருசம் இப்படித்தான் வாளியோடு கரைக்குப் போனேன். கரைத் தண்ணீரில் மணல், எண்ணெய், ஊர்க்கழிவு எல்லாம் கலந்திருக்கிறது. மாரியில் முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலில் பாயும்போது உப்பு இறங்கிவிடும், நிறமே தேத்தண்ணீர் மாதிரி மாறும். வாவித் தண்ணீரை எந்தக் காலத்திலும் எடுக்காதீர்கள். வெயில் மாதங்களில் தெரிந்த படகுக்காரர் ஆழ்கடலில் மொண்டு கொடுத்தால் அதை மூடிய கானில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேலே உள்ளதை வடித்து, உப்பை அளந்து பாவிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது, அதனால் நான் விட்டுவிட்டேன்.

தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றுவதா, நல்ல தண்ணீரா?

நல்ல தண்ணீர், அதாவது வெறும் ஆர்ஓ. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஃபேன் போட்டால் 200 லீற்றர் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலு லீற்றர் கூடப் போகும். ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டிய உப்பு மூன்று நாளில் 37ஐத் தாண்டிவிடும். கலியாண வீட்டுக்கு என்று மூன்று நாள் திருகோணமலை போய் வந்து, 12 லீற்றரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் உப்பு மளமளவென்று இறங்கும், அதுவும் அடி. தானாகத் தண்ணீர் விடும் மிதவை சாதனம் ஒன்றைச் சில்லருக்கும் முன்னால் வாங்குங்கள்.

பாசிக்குடாவில் கிடக்கிற முருகைக்கல்லில் ஒரு துண்டு எடுத்து வந்தால் என்ன?

எடுக்காதீர்கள். உயிருள்ளதையும் வேண்டாம், கரையில் ஒதுங்கிய செத்த கல்லையும் வேண்டாம். கல் முருகைகள் வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல்லைத் தோண்டுவது, சேர்ப்பது, வைத்திருப்பது, எரிப்பது, ஏற்றிப் போவது எல்லாவற்றையும் கரையோரம் பேணல் சட்டத்தின் 1988 திருத்தம் தடுக்கிறது. பாசிக்குடாவுக்குக் கிட்ட இருக்கும் காயான்கேணியை 2019 இல் கடல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

சட்டத்தை விடுங்கள். கல்குடாப் பக்கம் ஒரு காலத்தில் முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கி வீடு பூசினார்கள். நம் பழைய வீட்டுச் சுவர்கள் பலவற்றுக்குள் அந்தப் பாறைதான் இருக்கிறது. கிளை முருகை நன்றாக இருந்தால் வருசத்துக்குச் சில அங்குலம் வளரும், உருண்டைப் பாறை முருகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். மனிசர் தலை அளவு கல் ஒன்று நம் வயதுக்காரனாக இருக்கலாம். அதை முறித்து, மூன்று வாரத்தில் நம் தொட்டியில் சாகவிடுவதற்கு எனக்கு மனம் வராது.

அப்போ எங்கே வாங்குவது?

ஏற்கனவே தொட்டியில் வளர்கிற முருகையிலிருந்து வெட்டிய துண்டு கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு, நம் மாதிரித் தண்ணீருக்குப் பழகியது. கொழும்புக் கடையில் வாங்குவதென்றால் இது எந்த நாட்டிலிருந்து வந்தது, இறக்குமதிப் பத்திரம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கல் முருகை இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பவை, பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு வர முடியாது. பதிலைச் சுற்றி வளைத்தால் வாங்காமல் வாருங்கள். ஒருமுறை எனக்கு வளர்ப்புத் துண்டு என்று சொல்லி விற்றதன் அடிப்பக்கத்தில் புதிதாக உளியால் கொத்திய வெள்ளைக் காயம் இருந்தது, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். இப்போது காசு கொடுக்க முதல் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன்.

கொண்டுவரும்போது ரெஜிபோம் பெட்டி, ராத்திரி பஸ். பகல் பயணம் வேண்டாம், பஸ்ஸின் அடிப்பெட்டியிலும் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முருகையாக எதை வைக்கலாம்?

தொட்டி தொடங்கி நாலைந்து மாதம் கழியட்டும். முதல் ஆறு வாரம் அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பக்டீரியா வளரவே போய்விடும், பிறகு மண்ணிறப் பாசி, பச்சைப் பாசி என்று ஒரு அசிங்கமான காலம் வரும், எல்லாருக்கும் வரும். அது அடங்கிய பிறகு காளான் முருகை, தோல் முருகை மாதிரி மென்வகையில் தொடங்குங்கள். ஒரு கோடையை அவை தாண்டினால் சுத்தியல் முருகை. மான்கொம்பு வகையை எல்லாரும் ஆசைப்படுகிறார்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் சில்லரும் கரண்டுக்கு மாற்று ஏற்பாடும் இரண்டுமே இல்லாமல் மட்டக்களப்பில் அதை வாங்குவது அநியாயம். நான் இன்னும் வாங்கவில்லை.

எதையெல்லாம் அளக்க வேண்டும்?

வெப்பமும் உப்பும் தினமும். காரத்தன்மை கிழமைக்கு இரண்டு தடவை, 8 டிகேஎச் பக்கம். கல்சியம் 420, மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில், மாதத்துக்கு இரண்டு தடவை போதும். நைத்திரேற்று 5, பொஸ்பேற்று 0.05 போல இருக்கட்டும். இரண்டையும் பூச்சியமாக்க முயல வேண்டாம், உள்ளே இருக்கும் பாசி பட்டினி கிடக்கும், முருகை வெளிறும். டெஸ்ட் கிட்டின் காலாவதித் திகதியைப் பாருங்கள், நம் வெக்கையில் மருந்து சீக்கிரம் கெடும், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வைக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். புத்தக எண்ணைப் பிடிப்பதற்காக ஒரே நாளில் மருந்தைக் கொட்டிச் செத்த முருகைதான் நான் பார்த்ததில் அதிகம். காரத்தன்மை 7 இல் மாதக்கணக்காக நிற்கிற தொட்டி நல்லாக இருக்கும், திங்கள் 7, வியாழன் 10 என்று ஆடுகிற தொட்டியில் நுனி எரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் கல்சியம் கூடுமாமே?

கேட்டவருக்குப் பாதி சரியாகத் தெரிந்திருக்கிறது. சுண்ணாம்புத் தெளிவு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு கரைத்த தண்ணீர், உலகம் முழுக்க முருகை வளர்க்கிறவர்கள் பாவிக்கிற பழைய முறை. அதே பொருள்தான் வெற்றிலையிலும் தடவுகிறோம். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் வாசனையும் நிறமும் கல்லும் கலந்திருக்கலாம், அதைப் போடாதீர்கள், சுத்தமான தூளாக வாங்குங்கள். ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராம் போலத்தான் கரையும், மிச்சம் அடியில் படியட்டும், தெளிவை மட்டும் எடுத்து, ஆவியான தண்ணீருக்குப் பதிலாக இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 12க்கு மேல் இருக்கும், ஒரு கப்பை அப்படியே ஊற்றினால் தொட்டி முடிந்தது. கண்ணிலும் படக்கூடாது.

முருகை வெள்ளையாகிவிட்டது, செத்துவிட்டதா?

கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளையாக இருந்தாலும் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய தசை தெரிந்து, இரவில் கொடுக்கு எட்டிப் பார்த்தால் உயிர் இருக்கிறது, பாசி மட்டும் வெளியேறிவிட்டது. வெப்பத்தைக் குறையுங்கள், லைட்டைப் பாதியாக்குங்கள், கிழமைக்கு இரண்டு தடவை பொடித்த இறாலைக் கொடுக்குக்குப் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். மாதங்கள் எடுக்கும், ஆனால் நிறம் திரும்பும். வெறும் எலும்பு தெரிந்து அதில் பச்சைப் பாசி ஏறினால் அந்த இடம் போய்விட்டது. மண்ணிறக் கூழ் என்றால் உடனே வெளியே எடுங்கள், காலைவரை பொறுக்க வேண்டாம்.

நீமோ மீனுக்குக் கடற்சாமந்தி (அனிமோனி) கட்டாயமா?

இல்லை. அது இல்லாமலே நன்றாக வாழும். கடற்சாமந்தி நடந்து திரிந்து முருகைகளைச் சுட்டுவிடும்.

டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள், என்ன செய்ய?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, பிறகுதான் போன் வரும். நுளம்புப் புகையிலும் நுளம்புத்திரியிலும் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்து இறாலுக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. புகை வருகிற சத்தம் கேட்டவுடன் காற்றுப் பம்பையும் ஸ்கிம்மரையும் (நுரையால் அழுக்கை எடுக்கும் கருவி) நிறுத்துங்கள், அவைதான் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கும். ஃபேனையும் நிறுத்தி, தொட்டியைப் பொலித்தீனால் மூடி, யன்னல் கதவைச் சாத்துங்கள். தண்ணீருக்குள் ஓடும் பம்ப் ஓடட்டும். புகை போய், வீட்டைத் திறந்து காற்று மாறிய பிறகு எல்லாவற்றையும் போடலாம். தொட்டி இருக்கிற அறையில் நுளம்புத்திரி கொளுத்தவே வேண்டாம், வலை கட்டுங்கள்.

கையை விட்டால் ஆபத்தா?

சில வகையில் ஆபத்துத்தான். பொத்தான் மாதிரி வட்டம் வட்டமாகப் படருகிற ஜோஅந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையுறை போடுங்கள், வெட்டும்போது கண்ணாடியும் போடுங்கள், கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம். அந்தக் கல்லைக் கழுவுவதற்காகக் கொதிக்க வைக்கக் கூடாது, ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வகையை வாங்காதீர்கள். அப்புறம், உப்புத் தண்ணீரும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் தொட்டியை ஓட்டாதீர்கள்.

இனி முடியாது, விட்டுவிடப் போகிறேன். கடலில் விட்டால் புண்ணியம்தானே?

கடலிலும் வேண்டாம், வாவியிலும் வேண்டாம். வெனிசுவேலாவில் தொட்டி வளர்ப்புக்காகக் கொண்டுவந்த மென்முருகை ஒன்று கடலுக்குள் போய், பஞ்சுப் பாய் விரித்த மாதிரிப் படர்ந்து, அங்கே இருந்த முருகைப் பாறையையும் கடற்புல்லையும் மூடிவிட்டது, இன்றைக்கும் அதை ஒழிக்க முடியவில்லை. காயான்கேணியிலோ பாசிக்குடாவிலோ அப்படி ஒன்று தொடங்குவதற்கு உள்ளங்கை அளவு துண்டு போதும். தொட்டித் தண்ணீரையும் வடிகானில் ஊற்றாமல் வெட்டவெளி மணலில் ஊற்றுங்கள். முருகைகளை வேறு வளர்க்கிறவருக்குக் கொடுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், எங்கள் தொட்டியில் இடது பக்கம் இன்னும் ஒரு அடி இடம் இருக்கிறது.